சிவகாசி ராக்கெட்டும் கணினி ஏமாந்த கணக்கும்

தீபாவளிக்குப் பாட்டிலில் நிறுத்திப் பற்ற வைக்கிற சிவகாசி ராக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது? காகிதக் குழாயில் இறுக்கி அடைத்த மருந்து. அந்த மருந்தில் விரிசல் இருந்தால் தீ அதற்குள்ளும் புகும். ஒரே நேரத்தில் அதிக மருந்து எரியும். மேலே போக வேண்டிய ராக்கெட் பாட்டிலிலேயே வெடித்துவிடலாம்!

இதே பயம் இஸ்ரோவுக்கும் உண்டு. எல்.வி.எம்.3 ராக்கெட்டின் இரு பக்கமும் நிற்கும் எஸ்200 பூஸ்டர் ஒவ்வொன்றிலும் 200 டன்னுக்கு மேல் திட எரிபொருள். ஹெச்.டி.பி.பி. என்ற ரப்பர் போன்ற பொருளில் மருந்துப் பொடிகளைக் குழைத்து, எஃகு உறைக்குள் வார்த்து, சூட்டில் இறுக வைக்கிறார்கள். ஆறும்போது எரிபொருள் எஃகைவிடப் பல மடங்கு சுருங்கப் பார்க்கும். ஆனால் அது உறையோடு ஒட்டியிருக்கிறதே! அதனால் நடுத்துளை ஓரத்தில் இழுவிசை ஏறும். விரிசல் விழுமா? முன்கூட்டியே கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அங்குதான் சிக்கல். பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் முறை 1950களில் விமானத் துறையில் வளர்ந்தது. உலோகங்களுக்கு நன்றாகவே வேலை செய்தது. ரப்பர் வேறு ஜாதி. நசுக்கினால் வடிவம் மாறும், கன அளவு அநேகமாக மாறாது. அதன் பாய்சான் விகிதம் 0.5ஐ ஒட்டி நிற்கும்.

பருமக் குணகம் = யங் குணகம் ÷ 3(1 − 2 × பாய்சான் விகிதம்)

எஃகுக்கு (0.3) இது யங் குணகத்தைப் போல் 0.83 மடங்கு. 0.499 என்றால் சுமார் 167 மடங்கு. 0.4999 என்றால் 1,667 மடங்கு. 0.5 என்றே வைத்தால் பூஜ்யத்தால் வகுக்க வேண்டி வரும்!

எளிய துண்டுகளுக்குக் கன அளவு மாறாமல் வளையத் தெரியாது. பூட்டுப் போட்டதுபோல் விறைத்துவிடும். அசைவு குறைவாகத் தெரியும், அழுத்தம் தாறுமாறாக வரும். ஆபத்தான பூஸ்டர்கூடப் பத்திரமானதாகத் தோன்றலாம்.

1965ல் லியோனார்ட் ஹெர்மன் ஒரு வழி சொன்னார். அசைவிலிருந்து அழுத்தத்தைக் கண்டுபிடிக்காமல், அழுத்தத்தையும் தனி மாறியாக வைத்துச் சேர்த்தே தீர்ப்பது. 1974ல் நாக்டெகால், பார்க்ஸ், ரைஸ் மூவரும் உலோகம் நிரந்தரமாக நெளியும்போதும் இதே பூட்டு விழுவதை விளக்கினர். கணக்கிடும் புள்ளிகளைக் குறைக்கும் குறுக்குவழியும் பல இடங்களில் ஹெர்மன் வழிக்குச் சமம்தான் என்று 1978ல் மால்கஸும் ஹ்யூஸும் காட்டினர்.

எஸ்200 முதன்முதலில் 24 ஜனவரி 2010 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் சோதிக்கப்பட்டது. 14 ஜூலை 2023ல் சந்திரயான்-3 கிளம்பியதும் இரண்டு எஸ்200களின் மேல்தான்.

கணினி 'பிழை' என்று சொல்லி நின்றுவிட்டால் கவலையில்லை. பிழையே சொல்லாமல் தப்பான விடையைத் தருவதுதான் ஆபத்து. பாட்டிலில் நிற்கும் ராக்கெட்டும் வெளியே பார்த்தால் நல்லதாகத்தானே தெரிகிறது!