இரண்டாம் கியரில் மட்டாஞ்சேரி: சிறிய டீசல் காரின் ஓட்டமும் அதன் வெப்பக் கணக்கும்

இந்தியச் சந்தையிலிருந்து சிறிய டீசல் கார் மறைந்ததற்கு வழக்கமாக இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று விலை. 2012 மே இறுதியில் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் 73.18 ரூபாய்க்கும் டீசல் 40.91 ரூபாய்க்கும் விற்றன. நடுத்தரக் குடும்பங்களை டீசல் கார் பக்கம் இழுத்தது அந்த இடைவெளி. 2014 அக்டோபரில் டீசல் மீதான விலைக் கட்டுப்பாடு நீங்கி இடைவெளி சுருங்கத் தொடங்கியதும் அந்த ஈர்ப்பும் குறைந்தது. மற்றொன்று சட்டம். 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதிகள் நடைமுறைக்கு வந்தன. அன்றிலிருந்து டீசல் கார் விற்பதில்லை என்று மாருதி சுசூகி முந்தைய ஆண்டு ஏப்ரலிலேயே அறிவித்துவிட்டது.

இரண்டும் உண்மைதான். ஆனால் புகையைச் சுத்திகரிக்கும் கருவிகள் பெரிய டீசல் வண்டிகளில் நிலைத்துவிட, சின்ன வண்டிகளில் மட்டும் ஏன் காலூன்றவில்லை என்பதை இவை முழுமையாக விளக்கவில்லை. கருவியின் விலை ஒரு பகுதி. அதைவிட ஆழமான காரணம் வெப்பம் என்பதே இக்கட்டுரையின் வாதம். சிறிய டீசல் கார் பெரும்பாலும் ஓடிய தெருக்கள் அதன் எஞ்சினுக்குப் போதிய சூட்டைத் தரவில்லை. ஓட்டுநர் அந்தக் காரில் உணர்ந்த குறைக்கும், அதன் புகைக்கும் வேர் ஒன்றுதான். கொச்சி நகரின் போர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும் அதைத் தெளிவாகக் காட்டும் இடங்கள்.

முதலில் எஞ்சின். ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் 2003-இல் வெளிவந்தது. 69.6 மில்லிமீட்டர் விட்டமும் 82 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட நான்கு சிலிண்டர்கள், மொத்தம் 1,248 சி.சி. டீசலைப் பீய்ச்சும் காமன் ரயில் முறையை வடிவமைத்ததில் ஃபியட் ஆய்வுக்கூடங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த உரிமை 1990-களின் நடுவில் பாஷ் நிறுவனத்துக்குப் போனது, 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 அதனுடன் சாலைக்கு வந்தது. மல்டிஜெட் அதன் அடுத்த படி. ஒரே எரிப்புச் சுழற்சியில் டீசலை ஒரே தவணையாகப் பீய்ச்சாமல் ஐந்து தவணைவரை பிரித்துச் செலுத்த முடிந்தது. முதலில் சிறு துளி, பிறகு பெருந்தவணை என்று பிரித்ததால் சிலிண்டருக்குள் அழுத்தம் திடீரென்று எகிறவில்லை. பழைய டீசல்களின் தடதடப்பு அடங்கியதற்கு அதுவே காரணம்.

2007-இல் இதை மாருதி ஸ்விப்டில் பொருத்தியது. மானேசரில் தயாரான இந்த எஞ்சினும், ரஞ்சன்கானில் ஃபியட் தயாரித்ததும் சேர்ந்து மாருதி, டாடா, ஃபியட் எனப் பல நிறுவனங்களின் கார்களில் ஓடின. மோட்டார் பத்திரிகைகள் இதை இந்தியாவின் தேசிய டீசல் எஞ்சின் என்றே எழுதின. அந்தப் பெயர் மிகையில்லை.

ஸ்விப்டில் இது 75 குதிரைத்திறனை நிமிடத்துக்கு 4,000 சுற்றிலும், 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை 2,000 சுற்றிலும் தந்தது. இந்த இரண்டாவது எண்ணை நின்று பார்க்க வேண்டும். 2,000 சுற்றில் 190 நியூட்டன் மீட்டர் என்றால் ஏறக்குறைய 54 குதிரைத்திறன். அதே காரின் அன்றைய பெட்ரோல் எஞ்சின் தன் உச்சமான 113 நியூட்டன் மீட்டரை 4,500 சுற்றில்தான் எட்டியது. அந்த உச்சம் முழுவதும் 2,000-இலேயே கிடைத்ததாக வைத்துக்கொண்டாலும் 32 குதிரைத்திறனைத் தாண்டாது. நெடுஞ்சாலையில் கியரை மாற்றாமலே லாரியைத் தாண்டிய அந்த இழுவையின் கணக்கு இதுதான். அந்த ஓட்டம் உண்மையிலேயே இன்பமானது. எட்டு லட்ச ரூபாய்க்குள் அதற்கு ஈடான வண்டி அப்போது வேறு இருந்ததாக நான் நினைக்கவில்லை.

ஆனால் அந்த இழுவை முழுவதும் டர்போவின் கொடை. டர்போவைச் சுழற்றுவது சைலன்சரை நோக்கிப் போகும் சூடான புகை. புகை குறைவாகவும் குளிர்ந்தும் இருந்தால் டர்போ சும்மா சுற்றும், காற்றை அழுத்தாது. 75 குதிரைத்திறன் வடிவத்தில் இருந்தது நிலையான வடிவுடைய டர்போ. குறைந்த சுற்றில் புகைப் பாதையைக் குறுக்கி வேகத்தைக் கூட்டும் மாறுவடிவ டர்போ 90 குதிரைத்திறன் வடிவத்துக்கே வந்தது. எனவே 1,800 சுற்றுக்குக் கீழே ஓட்டுநரின் காலடியில் இருப்பது டர்போ இல்லாத 1.25 லிட்டர் டீசல். அது அதே அளவுள்ள பெட்ரோல் எஞ்சினைவிடவும் சோர்வானது, ஏனெனில் கரும்புகை வராமலிருக்க டீசலுக்கு எப்போதும் மிகைக் காற்று வேண்டும்.

இப்போது மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக்கு வரலாம். இருபுறமும் மிளகு, இஞ்சி, அரிசிக் கிடங்குகள். நடுவில் மூட்டை இறக்கும் லாரி, அதைச் சுற்றி ஆட்டோவும் கைவண்டியும். சீராகப் போனால்கூட வேகம் மணிக்கு 15, 20 கிலோமீட்டர். ஸ்விப்ட் டீசலின் முதல் கியரில் 2,000 சுற்றுக்கு வேகம் சுமார் 17 கிலோமீட்டர், இரண்டாம் கியரில் சுமார் 30. ஆகவே இந்தத் தெருவில் முதல் கியர் இரைகிறது. இரண்டாம் கியரிலோ முள் ஆயிரத்தை ஒட்டியே நிற்கிறது. ஆட்டோ ஒன்று விலகி முன்னால் இடம் கிடைத்ததும் ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் ஒன்றும் நடக்காது. பிறகு 1,800-ஐத் தொட்டதும் இழுவை மொத்தமாக வந்து விழும், கிடைத்த இடமோ அதற்குள் முடிந்துவிட்டிருக்கும். அதனால் ஓட்டுநர் கிளட்சைப் பாதியில் பிடித்துக்கொண்டே நகர்கிறார். டாக்ஸிகளில் கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேய்வதை ஓட்டுநரின் பழக்கக் குறையாகச் சொல்வது நியாயமில்லை. கியர் விகிதமும் தெருவின் வேகமும் சேர்ந்து அவரை அதற்குத் தள்ளுகின்றன.

வைப்பின் படகுத்துறையிலும் இதே கதை. 2018 முதல் கொச்சிக் கப்பல் கட்டும் தளம் கட்டிய சேது சாகர் ரோ-ரோ படகுகள் கார்களைப் போர்ட் கொச்சிக்குக் கடத்துகின்றன. படகு ஒட்டியதும் நின்ற நிலையிலிருந்து சாய்தளத்தில் ஏற வேண்டும், முன் வண்டியை ஒட்டி, மிக மெதுவாக. டர்போ உறங்கும் நேரம் அது. ஏறும் டீசல் கார் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு தயக்கத்தைப் பார்க்கலாம்.

இந்த இடத்தில் பழைய டாடா இண்டிகாவைச் சொல்லாமல் போவது அநியாயம். 1998 இறுதியில் வந்த அதன் 1,405 சி.சி. டீசலுக்கு டர்போ கிடையாது; முறுக்குவிசை சுமார் 85 நியூட்டன் மீட்டர்தான். நெடுஞ்சாலையில் அது ஸ்விப்டுக்கு ஈடே இல்லை. ஆனால் உள்ள கொஞ்ச விசையை ஐடிலிங்கிலிருந்தே ஒரே சீராகத் தந்தது. கொச்சி டாக்ஸிக்காரர்கள் இண்டிகாவை விட்டுப் பிரிய மனமில்லாமல் இருந்ததற்கு விலையும் மைலேஜும் மட்டும் காரணமல்ல. பஜார் ரோட்டில் அதன் நடத்தையை முன்கூட்டிச் சொல்ல முடிந்தது. காகிதத்தில் மேலான எஞ்சின் ஒரு தெருவில் மோசமாகவும், தாழ்ந்தது நன்றாகவும் ஓடலாம். ஓட்டக் குணத்தை எஞ்சினோடு மட்டும் சேர்த்து எழுதும் பத்திரிகை மதிப்புரைகள் இதைத் தவறவிட்டன.

ஓட்டுநர் உணர்வதை விட்டு எஞ்சினுக்குள் நடப்பதைப் பார்ப்போம். சமதளத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் இப்படிப்பட்ட காரை நகர்த்த சுமார் ஒரு கிலோவாட் போதும். 80 கிலோமீட்டரில் ஏழு, எட்டு கிலோவாட் வேண்டும். நின்று கிளம்பும் செலவைச் சேர்த்தாலும் நகரத்தில் எஞ்சின் எரிப்பது கொஞ்சமே. பெட்ரோல் எஞ்சின் இந்நிலையில் காற்றின் வழியை அடைத்துக்கொள்கிறது, ஆகவே புகை சூடாகவே இருக்கும். டீசலில் காற்றை அடைப்பதில்லை. கொஞ்ச எரிபொருளின் சூடு நிறையக் காற்றில் கரைந்துபோகிறது. போர்ட் கொச்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து யூதத் தெருவுக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்தில் எஞ்சின் முழுச் சூட்டை எட்டுவதேயில்லை.

இளஞ்சுமையிலுள்ள எஞ்சினில்தான் புகையின் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே விடும் ஈ.ஜி.ஆர். வால்வும் அகலத் திறந்திருக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க அது தேவை; முழுச் சுமையில் அது மூடிக்கொள்ளும். திரும்பி வரும் கரி, எஞ்சினின் எண்ணெய் ஆவியோடு கலந்து காற்றுக்குழாயின் உட்சுவரில் படிகிறது. நகரத்திலேயே ஓடிய கார் ஒன்றின் இன்டேக் மேனிஃபோல்டை ஒர்க்ஷாப்பில் கழற்றிப் பார்த்தால், விரல் நுழையும் குழாயில் தார் பூசியதுபோல் கருமை அப்பி, வழி பாதியாகச் சுருங்கியிருக்கும். மூணாறுக்கும் நெடும்பாசேரிக்கும் அடிக்கடி ஓடும் அதே மாதிரிக் காரில் அந்தப் படிவு மெல்லியது. எஞ்சின் ஒன்றே, டீசலும் அம்பலமுகள் சுத்திகரிப்பு ஆலையின் டீசல்தான். வேறுபடுவது சூடு.

பாரத் ஸ்டேஜ் 6 இப்படிச் சூடேறாத காருக்குள்தான் கரி வடிகட்டியை வைக்கச் சொன்னது. கரித்துகளின் வரம்பு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராமிலிருந்து 4.5-க்கும், நைட்ரஜன் ஆக்சைடு 250-லிருந்து 80-க்கும் இறங்கின. வடிகட்டி இல்லாமல் முதல் எண்ணை எட்ட முடியாது. வடிகட்டியில் சேரும் கரியை எரித்தாக வேண்டும், அதற்கு 600 டிகிரி அளவில் சூடு வேண்டும். புகை அவ்வளவு சூடாக இல்லாதபோது எஞ்சின் கூடுதலாக டீசலைத் தாமதமாகப் பீய்ச்சிச் சூட்டை உண்டாக்கும். அதற்குப் பத்து நிமிடமாவது ஓரளவு வேகத்தில் ஓட வேண்டும். தோப்பும்படியிலிருந்து வில்லிங்டன் தீவைத் தாண்டிக் குண்டன்னூர் வரை தடையில்லாமல் போனால் அது நடக்கலாம். பஜார் ரோட்டில் அது பாதியில் நிற்கும், எரியாத டீசல் எஞ்சின் ஆயிலில் இறங்கும். சின்னக் காரின் உரிமையாளருக்கு இந்த ஓட்டத்தைக் கற்பிக்க முடியாது என்பதே தயாரிப்பாளர்களின் உண்மையான கவலை என்று நான் கருதுகிறேன். கருவியின் விலை அதன் மேல் ஏறிய சுமை.

இந்த வாதத்துக்கு எதிராக நிற்பது டாடா ஆல்ட்ரோஸ். 2020 ஜனவரியில் வந்த அதன் 1,497 சி.சி. டீசல் பாரத் ஸ்டேஜ் 6-ஐக் கடந்தது, பல ஆண்டுகள் விற்றது. ஆனால் அதன் எண்களையும் பார்க்க வேண்டும்: 200 நியூட்டன் மீட்டர், 1,250 சுற்றிலிருந்தே. கொள்ளளவைக் கூட்டி, டர்போவின் உறக்கத்தைக் குறைத்து, தெருவின் வேகத்துக்குப் பொறியாளர்கள் இறங்கி வந்திருக்கிறார்கள். ஓட்டக் குறை பெருமளவு தீர்ந்தது, வெப்பக் குறை தீரவில்லை. மற்ற நிறுவனங்கள் அந்த வழியில் நீண்ட காலம் தொடராதது என் வாதத்தைப் பலவீனமாக்கவில்லை.

கேரளத்தில் இதே கேள்வியை நீதி அமைப்பும் ஒருமுறை தொட்டது. 2016 மே மாதம் எர்ணாகுளத்தில் கூடிய தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் அமர்வு, 2,000 சி.சி.யும் அதற்கு மேலும் உள்ள டீசல் வண்டிகளைப் பதிவு செய்யக் கூடாதென்றும், பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் கொச்சி உள்ளிட்ட ஆறு நகரங்களில் ஓடக் கூடாதென்றும் ஆணையிட்டது. உயர் நீதிமன்றம் சில வாரங்களிலேயே குறுக்கிட, ஆணை நடைமுறைக்கு வரவில்லை. ஆணையின் நோக்கம் சரியானது, அளவுகோல் தவறானது. 1,248 சி.சி. எஞ்சின் புதிதாக இருந்தாலும், வடிகட்டியின்றிக் குளிர்ந்த நிலையில் யூதத் தெருவில் நின்று கிளம்பினால் அந்தத் தெருவின் மூச்சை அதுவும் கெடுக்கும். சி.சி.யும் வயதும் அதைச் சொல்லா.

புகைச் சான்றிதழ் சோதனையும் அதைச் சொல்வதில்லை. எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் புகையின் அடர்த்தியை அளக்கிறார்கள். மட்டாஞ்சேரியில் வண்டி ஓடும் நிலைக்கு நேர் எதிர் நிலையில் எடுக்கப்படும் அளவு அது. பாரத் ஸ்டேஜ் 4 காலத்து டீசல் கார்கள் இன்னும் பல ஆண்டுகள் இந்தத் தெருக்களில் ஓடப்போகின்றன. அவற்றுக்குக் காலையில் முதன்முதலாகக் கிளப்பும்போதும், ஐந்து நிமிடம் மெதுவாக ஓட்டிய பிறகும் அளவெடுக்கும் இரண்டாவது சோதனை ஒன்று தேவை, ஈ.ஜி.ஆர். வால்வையும் மேனிஃபோல்டையும் சுத்தம் செய்வதை அந்தச் சோதனையின் முடிவோடு கட்டாயப்படுத்தலாம்.