புறநகர்க் குடியிருப்பும் வீட்டு மொழியும்: சிங்கப்பூரின் தோ பாயோவை முன்னிட்டு

சிங்கப்பூர்த் தீவில் நகரின் வடபுறத்தே அமைந்த தோ பாயோ என்னும் குடியிருப்பின் பெயரே நம் ஆராய்ச்சிக்கு நல்ல வாயிலாகும். ‘தோ’ என்பது பெரியது எனப் பொருள்படும் ஹொக்கியன் சொல். ‘பாயோ’ என்பது சதுப்பு நிலத்தைக் குறிக்கும் ‘பாயா’ என்னும் மலாய்ச் சொல்லின் திரிபு. பெருஞ்சதுப்பு என்னும் இப்பெயரை இட்டவர் நூல் கற்ற புலவர் அல்லர். காய்கறி பயிரிட்டும் பன்றி வளர்த்தும் ஆங்கு வாழ்ந்த எளிய மக்களே. இரு வேறு மொழிக் குடும்பங்களைச் சேர்ந்த சொற்கள் ஒரு பெயரில் இணைந்திருப்பது, அம்மக்கள் தெருவில் எவ்வாறு பேசினர் என்பதற்கு ஏட்டில் எழுதப்படாத சான்றாகும்.

1960இல் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அந்நிலத்தைச் சீர்செய்து, 1960களின் நடுவில் அடுக்குமாடி வீடுகளைக் கட்டத் தொடங்கியது. குடிசைகள் மறைந்தன; அவற்றோடு மறைந்த மொழிகள் யாவை, நிலைத்தவை யாவை என்பதே ஈண்டு நாம் காண விழைவது.

முதலில் எண்களைக் காண்போம். 1957ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் ஹொக்கியனைத் தாய்மொழியாகக் கூறியோர் நூற்றுக்கு 30 பேர். தமிழைக் கூறியோர் 5.2, ஆங்கிலத்தைக் கூறியோர் 1.8, மாண்டரினைக் கூறியோரோ 0.1 அளவினரே. அறுபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2020ஆம் ஆண்டுக் குடிமதிப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனோருள் வீட்டில் ஆங்கிலத்தையே மிகுதியாகப் பேசுவோர் 48.3 விழுக்காடு, மாண்டரின் பேசுவோர் 29.9, ஹொக்கியன் முதலிய சீனக் கிளைமொழிகள் அனைத்தையும் சேர்த்துப் பேசுவோர் 8.7, தமிழ் பேசுவோர் 2.5.

இவ்விரு வரிசைகளையும் அருகருகே வைத்து, ‘ஆங்கிலம் இத்தனை மடங்கு வளர்ந்தது’ என்று கூறிவிடுவது எளிது. அவ்வாறு கூறுவோரும் உளர். ஆயின் 1957இல் வினவப்பட்டது தாய்மொழி. 2020இல் வினவப்பட்டது வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி. வினா வேறு, ஆதலின் விடையும் வேறு. தாய்மொழி என்பது பிறப்பை நோக்கியது; வீட்டு மொழி என்பது வழக்கை நோக்கியது. ஒன்றை மற்றொன்றின் தொடர்ச்சியாகக் கொள்ளுதல் ஆராய்ச்சி நெறிக்கு ஒவ்வாது. ஒரே வினாவை உடைய 2000, 2010, 2020 ஆகிய மூன்று குடிமதிப்புகளை ஒப்பிடுவதே முறை. அவற்றில் ஆங்கிலம் 23.0, 32.3, 48.3 என ஏறியது. சீனக் கிளைமொழிகள் 23.8, 14.3, 8.7 என இறங்கின, தமிழ் 3.2, 3.3, 2.5 என நின்று பின் தாழ்ந்தது.

கிளைமொழிகளின் இறக்கத்திற்குக் காரணம் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கோ கெங் சுவீ தலைமையில் அமைந்த கல்விக் குழு, பள்ளிப் பிள்ளைகளுள் நூற்றுக்கு 85 பேர் தாம் பள்ளியிற் கற்கும் ஆங்கிலத்தையோ மாண்டரினையோ வீட்டிற் பேசுவதில்லை எனக் கண்டது. அவ்வறிக்கை வெளிவந்த 1979ஆம் ஆண்டிலேயே மாண்டரின் பேசுவோம் என்னும் இயக்கமும் தொடங்கப்பெற்றது. அடுத்த சில ஆண்டுகளுள் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கிளைமொழி நிகழ்ச்சிகள் படிப்படியாக நிறுத்தப்பட்டன. கன்டோனீஸ் நாடகங்கள் மாண்டரின் குரலில் ஒலிக்கத் தொடங்கின. பாட்டிக்கு விளங்கிய நாடகம் பேரனுக்கு விளங்கும் நாடகமாயிற்று. இருவரும் ஒருங்கிருந்து கேட்பது அரிதாயிற்று. ‘தாய்மொழி’ என்னும் பெயரால் பள்ளியில் கற்பிக்கப்பட்டது பல தாய்மாரும் பேசாத மொழி என்பதை இங்கு மறத்தலாகாது.

தமிழர் நிலை இதனின் வேறானது. தமிழுக்கு ஆட்சிமொழித் தகுதி உண்டு; பள்ளியில் இடமும் உண்டு. அது இழந்தது அண்டை வீட்டை. முன்னாளில் தஞ்சோங் பகாரில் துறைமுகத் தொழிலாளர் குடியிருப்புகளும், செம்பவாங்கில் ஆங்கிலேயர் கடற்படைத் தளத்தை ஒட்டிய குடியிருப்புகளும் இருந்தன. ஆங்குத் தமிழரும் மலையாளிகளும் ஒருங்கு வாழ்ந்தமையால், வீட்டைக் கடந்தும் தமிழ் வழங்கிற்று. தளம் 1971இல் மூடப்பட்டது. மக்கள் புதிய நகரங்களுக்குப் பெயர்ந்தனர். 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை, ஒரு பேட்டையில் இந்தியரும் பிற சிறுபான்மையினரும் நூற்றுக்கு 10க்கு மேற்படாமலும், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் 13க்கு மேற்படாமலும் இருக்க வரம்பிட்டது. இவ்வரம்பு பின்னர்ச் சிறிது உயர்த்தப்பட்டது. இனப்பகை வேர்விடாமல் காக்க எழுந்த இக்கொள்கையின் நோக்கத்தை நாம் குறைகூற முற்படவில்லை. எனினும் அதன் மொழி விளைவு தெளிவு: ஒரு மாடியில் இரு தமிழ்க் குடும்பங்கள் அமைவதே அருமையாயிற்று. தாழ்வாரத்தில் விளையாடும் பிள்ளைகளுக்குப் பொதுவான மொழி ஆங்கிலம். அம்மொழியோடே அவர்கள் வாயிற்படி ஏறி உள்ளே வருகின்றனர்.

இனி, வீட்டினுள்ளும் ஒரு மொழியே வழங்குகிறதா? ஆங்கிலத்தை மிகுதியாகப் பேசுவோருள் 87 விழுக்காட்டினர் வேறொரு மொழியையும் வீட்டில் பேசுகின்றனர் என்பதும் 2020ஆம் ஆண்டுக் குடிமதிப்பாலேயே புலனாகிறது. பலரும் மேற்கோள் காட்டும் 48.3ஐ விட இவ்வெண்ணே நமக்கு முதன்மையாகத் தோன்றுகிறது. வீட்டு மொழி என்பது பேசுவோனை மட்டும் பற்றியதன்று, கேட்போனையும் பற்றியது. அப்பாயியிடம் தமிழும், தமக்கையிடம் ஆங்கிலமும், தாயிடம் இரண்டும் கலந்தும் பேசும் சிறுவனை ஒரே கட்டத்துள் அடைக்கும் படிவம், அவன் யாரோடு பேசுகிறான் என்பதை விட்டுவிடுகிறது. அப்பாயி மறைந்த பின்னர் அவ்வீட்டின் விடை மாறுமாயின், அதனை மொழி மாற்றம் என்பதா, ஆள் குறைவு என்பதா?

தமிழுக்கே உரிய இடர் இன்னுமொன்று உண்டு. நம் மொழியில் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் பெரிதும் வேறுபட்டவை. வீட்டில் தமிழ் கேட்டு வளரும் பிள்ளைக்கு இவ்வேறுபாடு இயல்பாக அமைகிறது. எழுத்துத் தமிழை மட்டும் வகுப்பறையிற் கேட்கும் பிள்ளையோ, ‘அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்று எழுதத் தெரிந்தும், ‘வந்துக்கிட்டிருக்காங்க’ என்னும் தன் பாட்டியின் பேச்சைத் தொடர இயலாது திகைக்கிறது. தமிழாசிரியருள் சிலர் பேச்சுத் தமிழை வகுப்பறைக்கு ஒவ்வாததெனக் கருதி விலக்கியமை இப்பிளவை மேலும் அகலமாக்கிற்று என்றே நாம் கருதுகிறோம். 2005ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, கற்றோர் வழங்கும் பொதுப் பேச்சுத் தமிழையும் பள்ளியிற் பயிற்றுதல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. வீட்டிலிருந்து பள்ளிக்குச் செல்ல வேண்டிய வழக்கு, பள்ளியிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் நிலையை அது ஏற்றுக்கொண்டது எனலாம்.