ஹாலிஎலத் தோட்டங்களில் கோதுமை ரொட்டி

பதுளையை அண்மிய ஹாலிஎலத் தோட்ட லயங்களில் ரொட்டி பரம்பரை உணவாகவே கருதப்படுகின்றது. ஆயினும் திருச்சி, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வந்த முன்னோர் சோறும் கேழ்வரகுக் களியும் உண்டு பழகியோராவர். கோதுமையோ கப்பலில் வந்தது.

விடியற்காலைப் பிரட்டுக்கு முன்னர் பெண்களுக்குக் கிடைத்த நேரம் சொற்பம். மாவுடன் தேங்காய்த்துருவலும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, புளிக்கவையாது உடனே சுடலாம், போறணை வேண்டியதில்லை, ஆறிய பின்பும் மலைக்கு எடுத்துச் செல்லலாம். எனவே, ரொட்டியை நிலைபெறச் செய்தது நாச்சுவை மட்டுமன்று, வேலைநேரமுமாகும்.

இச்சார்பின் விலை 1973-74 இல் புலனாயிற்று. உலகச் சந்தையில் கோதுமை விலை உயர்ந்து, பங்கீட்டு மா குறைந்தபோது, தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. மாற்றுணவு பயிரிட லயத்தவர்க்குச் சொந்த நிலமிருக்கவில்லை. ரொட்டியின் வரலாறு நிலமற்றோரின் வரலாறுமாகும்.