தெயோஸ்: யாழ்ப்பாணத்து வேதாகமத் தமிழில்

தெயோஸ் என்பது புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இறைவனைக் குறிக்கும் பொதுப்பெயர். எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் ‘ஏலோகிம்’ என்பதற்கு இதையே வைத்தனர். ஆயினும் இது யூதரோ கிறிஸ்தவரோ உண்டாக்கிய சொல் அன்று. கிரேக்கருக்குச் சீயுசும் ஒரு தெயோஸ், எர்மெசும் ஒரு தெயோஸ். லீஸ்திராவில் பர்னபாவையும் பவுலையும் பார்த்துக் கூட்டம் கூவியதும், மெலித்தா தீவில் பாம்பு தீண்டியும் சாகாத பவுலைப் பார்த்துத் தீவார் சொன்னதும் இச்சொல்லையே. பிலிப்பியர் நிருபத்தில் வயிற்றை வணங்குவோருக்கு வயிறே தெயோஸ். பரம்பொருளுக்கும் வயிற்றுக்கும் ஒரே சொல் பொருந்தவேண்டும் என்பதே மொழிபெயர்ப்பாளருக்கு நேர்ந்த சிக்கல்.

பழைய கையெழுத்துப் பிரதிகளில் இச்சொல் முழுதாக எழுதப்படுவதில்லை. முதலெழுத்தும் கடையெழுத்தும் மட்டும் எழுதி மேலே ஒரு கோடு இழுப்பர். 1 தீமோத்தேயு 3:16இல் ‘தெயோஸ்’ என்று கொள்வதா, ‘அவர்’ என்று கொள்வதா என்ற நெடுநாள் வழக்கு இந்தக் கோட்டையும், எழுத்தின் நடுவே வரும் ஒரு சிறு கீற்றையும் பற்றியது. ஆதிக் கிறிஸ்தவரின் மீன் சின்னத்திலும் இச்சொல் ஒளிந்திருக்கிறது: மீனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் ஐந்தெழுத்தில் நடு எழுத்து தெயோசுக்கு உரியது.

தமிழில் இச்சொல்லுக்குப் போர்த்துக்கேயர் காலக் கத்தோலிக்கர் ‘தம்பிரான்’ என்றும் பின்னர் ‘சருவேசுரன்’ என்றும் வழங்கினர். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் அங்கு ஊழியம் செய்த பால்டேயுஸ் பாதிரியார் வேதப்பகுதிகளைத் தமிழாக்க முயன்றார். பிலிப்பு தெ மெல்லோ கிரேக்கத்திலிருந்து பெயர்த்த புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பில் அச்சானது. மறுகரையில், தரங்கம்பாடியில், மிசனரி சீகன்பால்கு ‘சருவேசுரன்’ என்றதைப் பின்வந்த பப்ரிசியுஸ் ‘பராபரன்’ ஆக்கினார். சைவக் கவிஞர் தாயுமானவரைப் படித்தவருக்குப் பழகிய சொல் அது. ஓசையும் உயர்வும் உடையது, ஆனால் பன்மைக்கு இடங்கொடாதது. லீஸ்திராக் கூட்டத்தின் வாயில் அதை வைப்பது கடினம்.

யாழ்ப்பாணம் இவ்விடயத்தில் முன்னுக்கு வருவது 1840களில். வெஸ்லியன் மிசனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல் பாதிரியார், தமது மத்திய பாடசாலையில் படித்து அங்கேயே கற்பித்த நல்லூர் ஆறுமுகம்பிள்ளையைத் துணைக்கொண்டு வேதாகமத்தைப் புதிதாகத் தமிழாக்கினார். அந்தத் துணைவரே பின்னாளில் ஆறுமுக நாவலர் (1822–1879). நாவலர் 1848இல் பாடசாலையை விட்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். இந்த வேதாகமம் 1850இல் சென்னையில் அச்சேறியது. இதில் தெயோசுக்கு நிற்பது ‘தேவன்’. தேவன், தேவர்கள், தேவி என்று எப்பக்கமும் வளையும் சொல்லாதலால் இதைத் தெரிந்தனர் என்பர்.

நாவலரின் பங்கு எவ்வளவு என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. சைவச் சரித்திரகாரர் நடை முழுதும் அவருடையது என்பர். சென்னையில் தமிழறிஞர் மழவை மகாலிங்கையர் அதைப் பார்த்துப் பிழையற்றது என ஒப்பினார் என்ற கதையும் அவர்கள் வழியே வருவது. திருச்சபை சார்ந்த எழுத்தாளர் சிலர், மிசனரிமாரும் வேறு தமிழறிஞரும் இருந்த குழுவின் வேலை அது என்பர். ‘தேவன்’ என்ற தெரிவு யாருடையது என்பதும் இவ்வழக்கோடு சேர்ந்ததே. சைவ மரபில் தேவர் என்போர் பிறந்து இறப்பவர்; சிவனோ மகாதேவன். 1854இல் ‘சைவதூஷண பரிகாரம்’ எழுதி, ஆலயம், தூபம், அபிஷேகம் எல்லாம் வேதாகமத்திலும் உண்டே என்று பாதிரிமாரையே மடக்கிய நாவலர் இந்த வேறுபாட்டை அறியாதவராக இருந்திருக்க முடியாது. பேர்சிவலும் தமிழில் லேசுப்பட்டவர் அல்லர். 1874இல் அவர் வெளியிட்ட தொகுப்பில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகள் உண்டு.

சென்னையில் 1850இன் வேதாகமத்துக்கு வரவேற்புக் கிடைக்கவில்லை. ‘தற்காலிகத் திருப்புதல்’ என்றே பெயர் வைத்து ஒதுக்கினர். ஆனால் என்றி பவர் பாதிரியார் தலைமையில் 1871இல் முழுமை பெற்ற ஐக்கியத் திருப்புதல் ‘பராபரனை’ விட்டுத் ‘தேவனை’ வைத்துக்கொண்டது. ஒதுக்கப்பட்ட நூலின் சொல் இவ்வாறு இரு கரையிலும் நிலைத்தது. ஐக்கியத் திருப்புதலில் எழுவாய் ‘தேவன்’ என ‘அன்’ விகுதி பெற, வினை ‘ஆர்’ விகுதி பெறும். செபத்தில் அழைப்பது ‘நீர்’ என்று. தமிழகத்துப் பேச்சில் பெரும்பாலும் அருகிவிட்ட ‘நீர்’, யாழ்ப்பாணத்தில் வீட்டிலும் வெளியிலும் ‘நீ’க்கும் ‘நீங்கள்’ என்பதற்கும் நடுவே இன்றும் நடமாடுவது. எனவே அவ்வூர்ச் சபையார் காதில் அது ஏட்டுவழக்காக ஒலிப்பதில்லை.

யாழ்ப்பாணப் பேராயர் சபாபதி குலேந்திரன் தமிழ் வேதாகமத்தின் வரலாற்றை 1967இல் தனி நூலாக எழுதினார். ஐக்கியத் திருப்புதலுக்குப் பின்வந்த 1956இன் திருத்திய மொழிபெயர்ப்பும் 1995இன் பொது மொழிபெயர்ப்பான ‘திருவிவிலியமும்’ ‘கடவுள்’ என்கின்றன. கத்தோலிக்கரின் பழைய செபங்களில் மரியாள் ‘சருவேசுரனுடைய மாதா’. ஆயினும் புரட்டஸ்தாந்தரிடையே ‘தேவன்’ வழக்கொழியவில்லை.