குக்கீ வந்த வழியும் மேலூர் கணினியும்

மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் வாசலில் செருப்பை விட்டுவிட்டு ஒரு டோக்கன் வாங்கிக்கொள்வார்கள். அதில் பெயர் இருக்காது, ஊர் இருக்காது. வெறும் எண் மட்டும்தான். திரும்பி வந்து டோக்கனை நீட்டினால் செருப்பு கைக்கு வரும். முகத்தை யாரும் பார்ப்பதில்லை. டோக்கன் யார் கையில் இருக்கிறதோ, செருப்பு அவருடையது.

இணையதளங்கள் உலாவியில் போட்டு வைக்கும் குக்கீயும் இப்படிப்பட்ட ஒரு டோக்கன்தான். இதை வைரஸ் என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. குக்கீ ஒரு சின்ன எழுத்துத் துண்டு, அவ்வளவே. அதனால் கணினியில் உள்ள மற்ற கோப்புகளைத் திறந்து பார்க்க முடியாது. பெரும்பாலும் அதில் ஓர் எண் மட்டுமே இருக்கும். அந்த எண்ணுக்கு உரிய விவரமெல்லாம் இணையதளத்தின் சர்வரில் இருக்கும்.

சரி, இது எப்படி வந்தது?

மறதிக்கு ஒரு மருந்து

இணையம் தோன்றியபோது அதற்கு ஞாபக சக்தி கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டால் சர்வர் அனுப்பும். அடுத்த பக்கத்தைக் கேட்டால், முன்பு கேட்டவர்தான் இவர் என்று அதற்குத் தெரியாது. கடையில் சாமானைக் கூடையில் போட்டுவிட்டுத் திரும்பினால் கூடை காலியாக இருப்பது போன்ற நிலைமை. இப்படியிருந்தால் இணையத்தில் வியாபாரம் எப்படி நடக்கும்?

1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை செய்த லூ மோன்டுலி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். சர்வர் ஒரு துண்டைக் கொடுக்கும், உலாவி அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும், அடுத்த முறை அதே தளத்துக்குப் போகும்போது தானாகவே நீட்டும். யூனிக்ஸ் நிரலாளர்களிடம் ஏற்கெனவே 'மேஜிக் குக்கீ' என்ற சொல் புழக்கத்தில் இருந்தது. அதிலிருந்து வந்த பெயர் இது. 1995-இல் மைக்ரோசாப்ட்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் குக்கீயை ஏற்றுக்கொண்டது.

ஆனால் இதை யாரும் பயனாளர்களிடம் சொல்லவில்லை. 1996 பிப்ரவரியில் லண்டனின் ஃபைனான்சியல் டைம்ஸ் பத்திரிகை எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே பரவியது. அதற்குள் விளம்பர நிறுவனங்கள் விழித்துக்கொண்டன. கோயிலின் நான்கு வாசலிலும், நான்கு சித்திரை வீதியிலும், எல்லாக் கடை வாசலிலும் ஒரே ஆள் டோக்கன் கொடுத்தால் என்ன ஆகும்? யார் என்று தெரியாவிட்டாலும், இந்த எண்காரர் எங்கெல்லாம் போனார் என்று அவரால் எழுதி வைக்க முடியும். பல தளங்களில் விளம்பரம் போட்ட டபுள்கிளிக் போன்ற நிறுவனங்கள் செய்தது இதைத்தான். இதற்கு 'மூன்றாம் தரப்புக் குக்கீ' என்று பெயர்.

1997 பிப்ரவரியில் வெளிவந்த இணையத் தர ஆவணம், இவ்வகைக் குக்கீகளை உலாவிகள் தாமாக அனுமதிக்கக் கூடாது என்றது. அதை எழுதிய இருவரில் மோன்டுலியும் ஒருவர். ஆனால் அன்றைய பெரிய உலாவிகள் இரண்டும் அதைப் பின்பற்றவில்லை.

மேலூரில் நடந்தது

மோன்டுலியின் யோசனைக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருந்தது. ஒரு உலாவி என்றால் ஒரு ஆள். அமெரிக்க வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் அது ஓரளவு பொருந்தும். மதுரைக்குப் பொருந்தவில்லை.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15-இல், வி.எஸ்.என்.எல். மூலம். 1998-இல் தனியாருக்கும் அனுமதி கிடைத்தபின் பிரவுசிங் சென்டர்கள் பெருகின. ஒரே நாற்காலியில் காலையில் ஒருவர் தேர்வு முடிவு பார்ப்பார், மாலையில் இன்னொருவர் மின்னஞ்சல் பார்ப்பார்.

மதுரையிலிருந்து திருச்சி சாலையில் போனால் வரும் மேலூர் வட்டாரத்தில் இது இன்னும் ஒரு படி மேலே போனது. 2001-இல் இங்கே 'சாரி' என்ற திட்டத்தில் கிராமத்து இணைய மையங்கள் தொடங்கின. சென்னை ஐ.ஐ.டி., அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு ஆகியவற்றோடு என்-லாக் நிறுவனமும் இதில் இருந்தது. கம்பி இழுக்காமல், ஐ.ஐ.டி.யில் உருவான கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தின் மூலம் இணைப்பு கொடுத்தார்கள்.

ஒரு கிராமத்துக்கு ஒரு மையம். உள்ளூர்க்காரர் ஒருவர் அதை நடத்துவார். பிறப்புச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை போன்றவற்றுக்கு அங்கிருந்தே விண்ணப்பிக்கலாம். கண்ணில் கோளாறு என்றால் வெப்கேமராவில் படம் எடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பலாம். பிற்பாடு பல மையங்கள் வருமானம் போதாமல் மூடப்பட்டன என்றாலும், ஊருக்கே ஒரு கணினி என்பது சில வருடங்கள் அங்கே நிஜமாக இருந்தது.

அங்கே குக்கீயின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒரே உலாவி ஒரு கிராமமே போட்ட டோக்கன்களைச் சுமந்துகொண்டிருக்கும். மின்னஞ்சலிலிருந்து வெளியேறாமல் ஒருவர் எழுந்து போனால், அடுத்து உட்காருபவர் கையில் அவருடைய டோக்கன். சர்வருக்கு ஆள் மாறியது தெரியாது. விளம்பரக் கம்பெனி குறி வைப்பதைவிட, பக்கத்து வீட்டுக்காரர் கண்ணில் படுவதுதான் அங்கே பெரிய விஷயம்.

2011-இல் மத்திய அரசு இணைய மையங்களுக்கு விதிகள் கொண்டுவந்தது. வருபவரிடம் அடையாளச் சான்று கேட்க வேண்டும், பதிவேட்டை ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்றது. அந்தப் பதிவேடு மேசைமேல் கண்ணுக்குத் தெரிந்தது. உலாவிக்குள் இருந்த பதிவேடு தெரியவில்லை.

கட்டுப்பாடு யார் கையில்?

பயனாளருக்கான வசதிகள் மெதுவாகத்தான் வந்தன. 2001-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6, குக்கீகளை வடிகட்ட ஓர் அமைப்பைத் தந்தது. 2005-இல் சஃபாரியும் 2008-இல் குரோமும் தனி உலாவல் சாளரத்தைத் தந்தன. மூடியதும் அதிலிருந்த குக்கீகள் அழிந்துவிடும். (ஆனால் இணைப்பு தரும் நிறுவனமும் பார்க்கும் தளமும் பார்ப்பதை இது தடுக்காது.) 2019-இல் ஃபயர்பாக்ஸ் பின்தொடரும் குக்கீகளைத் தானாகத் தடுக்க ஆரம்பித்தது. 2020-இல் சஃபாரி மூன்றாம் தரப்புக் குக்கீகளை முழுவதுமாக நிறுத்தியது. குரோமும் நிறுத்தப்போவதாக அதே வருடம் அறிவித்த கூகுள், 2024-இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. ஆகவே குரோமில் அதை அமைப்புகளுக்குள் போய் அவரவரேதான் நிறுத்த வேண்டும்.

சட்டமும் வந்தது. தளத்தைத் திறந்ததும் 'ஏற்கிறேன்' என்று கேட்கும் பட்டைகள், ஐரோப்பிய யூனியன் 2009-இல் செய்த சட்டத் திருத்தத்தின் விளைவு. இந்தியாவில் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, 2025 நவம்பரில் அதன் விதிகள் வெளியாயின. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழ் உட்பட அட்டவணை மொழிகளில் படிக்க வழி இருக்க வேண்டும் என்றும், ஒப்புதல் கொடுப்பது எவ்வளவு சுலபமோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. முக்கியக் கடமைகள் விதிகள் வந்ததிலிருந்து பதினெட்டு மாதம் கழித்துத்தான் அமலுக்கு வரும்.

இவை எல்லாமே 'ஒரு உலாவி, ஒரு ஆள்' என்ற பழைய அனுமானத்தின் மேல்தான் நிற்கின்றன. வீட்டில் ஒரே செல்போனை அம்மாவும் பிள்ளைகளும் மாறி மாறிப் பார்க்கும்போது, 'ஏற்கிறேன்' என்று அழுத்தியது யார்? இ-சேவை மையத்தில் வேறொருவர் விரல் அழுத்தினால் அது யாருடைய ஒப்புதல்? மேலூரில் எழுந்திருக்க வேண்டிய கேள்வி இன்னும் தீரவில்லை.

அதுவரை பொதுக் கணினிக்கு மூன்று பழக்கம் போதும். தனி உலாவல் சாளரத்தில் திறப்பது, வேலை முடிந்ததும் 'வெளியேறு' என்பதை அழுத்துவது, எழுந்திருக்குமுன் குக்கீகளை அழிப்பது. சன்னலை மூடினால் மட்டும் போதாது. பல குக்கீகள் அதற்குப் பிறகும் அங்கேயே இருக்கும். வெளியேறுவது என்பது டோக்கனைக் காப்பவரிடமே திருப்பிக் கொடுப்பது. கொடுக்காமல் வந்தால் அது அடுத்தவர் கைக்குப் போகும்.