இரண்டு மூலை இடங்களும் ஆரியபட்டரின் பாதி நாணும்

கோயம்புத்தூரில் இடம் விலை பேசினால் சென்ட் கணக்குதான். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஆர்.எஸ்.புரம் மாதிரி நேர்நேராகத் தெரு போட்ட இடத்தில் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் வேலை முடிந்தது. ரோடு இரண்டாகப் பிரிகிற மூலையில்தான் வம்பு.

இரண்டு முக்கோண மனைகள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ரோட்டை ஒட்டிய இரு பக்கங்களும் 100 அடி. முதல் மனையின் மூலை 30 டிகிரி, பின்பக்கம் சுமார் 52 அடி. இரண்டாவதில் மூலை 150 டிகிரி, பின்பக்கம் 193 அடி. எது பெரியது? பி.காம். நண்பர்கள் நாலு பேரிடம் கேட்டேன், நாலு பேரும் இரண்டாவதைத்தான் சொன்னார்கள். சென்ட்டுக்கு லட்சக்கணக்கில் கொடுக்கிறவர் இப்படிக் கண்ணளவில் முடிவு செய்தால் அவ்வளவுதான் :-) உண்மையில் இரண்டும் 2500 சதுர அடி, அதாவது 5.74 சென்ட்.

இதன் கதை கொஞ்சம் பழையது. வட்டத்தின் மையத்திலிருந்து இரண்டு ஆரங்கள் வரைந்து நுனிகளைச் சேர்த்தால் இருசமபக்க முக்கோணம் கிடைக்கும். அதன் அடிப்பக்கம்தான் நாண். கிரேக்கர்கள் முழு நாணுக்கு அட்டவணை போட்டார்கள். 2-ஆம் நூற்றாண்டில் தாலமி எழுதியது பிரபலம். இந்தியாவில் அந்த முக்கோணத்தை நடுவில் பிளந்து பாதி நாணை எடுத்துக்கொண்டார்கள். சின்ன மாற்றம் மாதிரித் தெரியும். ஆனால் பிளந்தவுடன் செங்கோண முக்கோணம் வந்துவிடுகிறது, கணக்கு சுலபமாகிவிடுகிறது. என்னைக் கேட்டால் முக்கோணவியலில் இதைவிடப் பெரிய காரியம் நடக்கவில்லை.

கி.பி. 499-ஐக் குறிப்பிட்டு, அப்போது தனக்கு 23 வயது என்கிறார் ஆரியபட்டர். நம் வயசுதான்! அவருடைய ஆரியபடீயத்தில் ஒரே செய்யுளில் 24 பாதி நாண்களுக்கான அட்டவணை அடங்கியிருக்கிறது. ஆரம் 3438. முக்கோணத்தின் பரப்பு பாதி அடிப்பக்கம் பெருக்கல் உயரம் என்பதும் அதே நூலில் உண்டு.

அதை வைத்தே முதல் மனையை அளந்து பார்த்தேன். 30-ல் பாதி 15 டிகிரி. அட்டவணைப்படி 15-க்கு 890, 75-க்கு 3321. ஆரம் 3438-க்குப் பதில் 100 அடி என்றால் பாதி அடிப்பக்கம் 25.89 அடி, உயரம் 96.60 அடி. பெருக்கினால் சுமார் 2500.6 சதுர அடி. 1500 வருடத்துக்கு முந்தைய அட்டவணையில் பிசகு ஒரு சதுர அடிகூட இல்லை!

இரண்டாவது மனைக்கு 150-ல் பாதி 75. அதே இரண்டு எண்கள்தான், உயரமும் பாதி அடிப்பக்கமும் இடம் மாறிக்கொள்கின்றன.

அந்தப் பாதி நாணுக்கு வடமொழியில் ஜ்யா, ஜீவா என்று பெயர், வில்லின் நாண் என்று பொருள். அரபியில் அது ஜிபா ஆனது. உயிரெழுத்துக் குறி இல்லாமல் எழுதியதால் பின்னால் 'ஜைப்' என்று படித்துவிட்டார்கள், அதாவது ஆடையின் மடிப்பு. அதை லத்தீனில் 'சைனஸ்' என்று பெயர்த்தார்கள். அதுதான் நம் சைன்.

சமபக்கத்தின் வர்க்கத்தை உச்சிக்கோணத்தின் சைனால் பெருக்கி இரண்டால் வகுத்தால் பரப்பு என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அதுவும் இதேதான். சைன் 30, சைன் 150 இரண்டும் அரை. ஏன் என்று அன்றைக்குப் புரியவில்லை. நேற்று 30 டிகிரி முக்கோணம் ஒன்றைக் காகிதத்தில் வெட்டி, நடுவில் பிளந்து, இரண்டு பாதிகளையும் குட்டைப் பக்கத்தோடு குட்டைப் பக்கம் சேர்த்து ஒட்டினேன். 150 டிகிரி முக்கோணம் வந்து நின்றது.