மணி வாங்க எங்கே போனார்கள்?

மணி என்பது சிறிய சொல். ஆனால் தமிழில் அது சுமக்கும் பொருள்கள் பல. கோயிலில் ஒலிப்பது மணி; கடிகாரம் காட்டுவது மணி; நெற்கதிரில் விளைவது மணி; கழுத்தில் கோத்து அணிவதும் மணியே. மலாய்மொழியில் கோக்கும் மணியை ‘மானிக்’ என்பர். வடமொழி வழியாக அங்குச் சென்ற அச்சொல்லும் நம் மணியும் உறவுச் சொற்களே. இந்தக் கோக்கும் மணியின் வரலாற்றைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்குத் தூண்டுகோலாக அமைந்தது எங்கள் தோட்டப் பள்ளியில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி. கைவினைப் பாடத்திற்காகப் பினாங்கு கடைத்தெருவிற்குச் சென்று பாசிமணியும் கோக்கும் நூலும் வாங்கி வந்தேன். ஒரு பொட்டலம் சீனத்திலிருந்து வந்தது. ஒன்று ஜப்பானியச் சரக்கு. விலை மிகுந்த ஒன்று செக் நாட்டுக் கண்ணாடி. இவற்றை வகுப்பில் பங்கிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, இந்தக் கடைகள் எல்லாம் இல்லாத காலத்தில் நம் நாட்டு மக்கள் மணி வாங்க எங்கே போனார்கள்?” என்று கேட்டாள்.

இதற்கு என்னிடம் ஆயத்தமாக ஒரு விடை இருந்தது. முப்பது ஆண்டுகளாகச் சொல்லிப் பழகிய விடை. “எல்லாம் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்தன, நம் முன்னோர் விற்றனர், இந்நாட்டார் வாங்கினர்” என்பதே அது. ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் நான் எழுதி வைத்த குறிப்பேட்டிலும் அதுவே இருக்கிறது. அன்றும் அதைச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அண்மைக்காலத்தில் படித்தவை நினைவுக்கு வந்து தடுத்தன. “நாளை சொல்கிறேன், அம்மா” என்று அவளை உட்கார வைத்தேன். அந்த ‘நாளை’ பல வாரங்களாக நீண்டுவிட்டது. இப்போது நான் அறிந்தவற்றை ஒழுங்குபடுத்திக் கூறுகிறேன்.

தமிழ் நகரங்களின் மணித்தெரு

முதலில் தமிழகத்தையே பார்ப்போம். பழந்தமிழ் நூல்கள் நகரங்களை வருணிக்கும்போது மணி விற்கும் தெருவை மறப்பதில்லை. மதுரைக் காஞ்சி அந்தி நேரத்துக் கடைவீதியைக் காட்டும்போது, சங்கு அறுத்து வளையல் கடைவோரையும், மணியில் துளையிடுவோரையும், பொற்கொல்லரையும் அடுத்தடுத்து நிறுத்துகிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் மணிக்கடை வீதியில் நவமணிகளின் இயல்பையும் குற்றத்தையும் எடுத்துரைக்கிறது. வாங்குவோர் ஏமாறாதிருக்க எதை எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வணிகர் சொல்லித் தருவது போலவே அப்பகுதி அமைந்துள்ளது.

இது வெறும் புலவர் கற்பனை அன்று. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல் என்னும் ஊர் உள்ளது. 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கு அகழ்ந்தபோது, முற்றுப்பெற்ற மணிகளோடு, பாதி வேலையில் நின்ற மணிகளும் கழித்த கற்சில்லுகளும் கிடைத்தன. படிகம், சூதுபவளம், பச்சைநீல நிறமுடைய பெரில் ஆகியவற்றில் அவ்வூரார் வேலை செய்தனர். பெரில் கல் அருகிலுள்ள படியூர்ப் பக்கத்தில் வெட்டி எடுக்கப்பட்டது. தமிழ்ப் பிராமி எழுத்தில் பெயர் பொறித்த பானை ஓடுகளும் அங்கு மிகுதியாகக் கிடைத்தன.

ஒன்றை இங்கே மனத்தில் கொள்ள வேண்டும். செய்து முடித்த மணி ஓரிடத்தில் கிடைத்தால், அது அங்கே செய்யப்பட்டது என்று சொல்ல முடியாது. விலைக்கு வாங்கியதாகவும் இருக்கலாம். பாதி வேலையில் நின்ற மணியும் கழிவுச் சில்லும் கிடைத்தால்தான் அங்கே பட்டறை இருந்தது எனத் துணியலாம். குப்பையை யாரும் கப்பலேற்றி விற்பதில்லை அல்லவா?

அரிக்கமேடு

கல்மணி செல்வர்க்கு உரியது. எளியவரும் வாங்கக்கூடிய மணி கண்ணாடி மணியே. அதன் வரலாற்றில் முதலிடம் பெறுவது புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேடு.

இந்த ஊரின் பெருமையை உலகறியச் செய்ததில் சிறுவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. மழை பெய்தால் மேட்டு மண் கரைந்து மணிகள் வெளிப்படும், பிள்ளைகள் பொறுக்குவார்கள். 1937-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் அப்பிள்ளைகளிடமே மணிகளை விலை கொடுத்து வாங்கி ஆராய்ந்தார். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கு முறைப்படி அகழாய்வு நடத்தினார். ரோமானிய நாட்டு மதுச்சாடி ஓடுகளும் மட்கலங்களும் வெளிப்பட்டன. பின்னர் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் மீண்டும் அகழ்ந்தனர்.

அரிக்கமேட்டுக் கண்ணாடி மணி எவ்வாறு செய்யப்பட்டது? ஆந்திரத்தில் திருப்பதிக்கு அருகிலுள்ள பாப்பாநாயுடுபேட்டையில் இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதே முறையில் மணி செய்ததை ஆய்வாளர்கள் நேரிற் கண்டு எழுதினர். உலையில் உருகிய கண்ணாடியை நீண்ட இரும்புக் குழாயின் முனையில் திரட்டி, நடுவே துளையிட்டு, மறுபடி உலையில் காட்டுவர். எதிரே அமர்ந்த தலைமைத் தொழிலாளி கொக்கியால் அதன் நுனியைப் பற்றி இழுப்பார். துளையோடு கூடிய மெல்லிய கண்ணாடிக் குழல் நூல் போல இடைவிடாது வந்துகொண்டே இருக்கும். அதை ஒடித்து, பொடிப்பொடியாக நறுக்கி, சாம்பலோடு கலந்து சட்டியில் சூடேற்றிக் கிளறுவர். கூர்முனைகள் மழுங்கி மணி உருண்டு வரும். சாம்பல் உள்ளே புகுந்திருப்பதால் துளை அடைபடாது. இவ்வாறு ஒரே உலையில் ஆயிரக்கணக்கான மணிகள் பிறக்கும். ஆகவேதான் அவை மலிவாக இருந்தன.

சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கறுப்பு என ஒவ்வொரு மணிக்கும் ஒரே நிறம். ஆப்பிரிக்காவின் கீழ்க்கரை முதல் கொரியா, ஜப்பான் வரை இவை மண்ணுக்குள் கிடைத்துள்ளன. இவற்றின் வரலாற்றைத் தம் வாழ்நாள் பணியாக ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் பீட்டர் பிரான்சிஸ் இவற்றுக்கு ‘இந்தோ பசிபிக் மணி’ என்று பெயரிட்டார்.

கடல் கடந்த பட்டறை

இனி, கடலைக் கடப்போம். தாய்லாந்தின் மேற்குக் கரையில், கிராபி மாநிலத்தில் குளோங் தோம் என்னும் இடத்தில் ஒரு மேடு உள்ளது. அவ்வூரார் அதனைக் ‘குவான் லுக்பாட்’ என்பர்; ‘மணிமேடு’ என்பதே அதன் பொருள். கண்ணாடி மணியும் கல்மணியும், மணி செய்த கழிவும் அங்குக் குவிந்து கிடந்தன.

அங்கேயே தமிழர் உள்ளத்தைக் கவரும் ஒரு சிறு கல்லும் கிடைத்தது. அது பொன்னை உரைத்து மாற்றுப் பார்க்கும் உரைகல். அதில் கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்ப் பிராமி எழுத்தில் ‘பெரும்பதன் கல்’ என்று பொறித்திருக்கிறது. பெரும்பத்தனுடைய கல் என்று அறிஞர் பொருள் கொள்வர். நகை செய்பவரை நாம் இன்றும் பத்தர் என்றே அழைக்கிறோம். அரசர் யாரும் எழுதுவித்த கல்வெட்டன்று இது. தொழிலாளி ஒருவர் தம் கருவி காணாமற்போகாதிருக்கப் பெயர் எழுதி வைத்தார், அவ்வளவே. இன்று பள்ளிப் பிள்ளைகள் அளவுகோலில் பெயர் எழுதி வைப்பது போல.

நம் நாட்டுக் கரையில்

நம் நாட்டில் இத்தகைய சான்று உண்டா? உண்டு. பேராக்கில் தைப்பிங்கிற்கு மேற்கே, பாக்காவ் மரங்கள் அடர்ந்த கடலோரச் சேற்றில் கோலா செலின்சிங் இருக்கிறது. ஐ. எச். என். இவான்ஸ் 1920-களின் இறுதியிலும் 1930-களின் தொடக்கத்திலும் அங்கே அகழ்ந்தார். கால் நட்டுக் கட்டிய வீடுகளில் வாழ்ந்த மக்கள் விட்டுச் சென்ற பொருள்களோடு, ஏராளமான மணிகளும் கண்ணாடித் துணுக்குகளும் கிடைத்தன. விஷ்ணுவர்மன் என்னும் பெயர் வெட்டிய சூதுபவள முத்திரை ஒன்றும் அவ்விடத்திற்குரியது.

கெடாவில் மூடா ஆற்றின் முகத்துவாரத்திற்கு அருகே சுங்கை மாஸ் உள்ளது. 1980-களிலிருந்து அங்கு நடந்த ஆய்வுகளில் மணிகளோடு மணி செய்த கழிவுகளும் வெளிப்பட்டன. சற்று வடக்கே பெங்காலான் பூஜாங் துறைமுகம் பிற்காலத்தது. 1960-களின் தொடக்கத்தில் அலஸ்டேர் லாம்ப் அங்கு ஆய்ந்தபோது ஆயிரக்கணக்கான மணிகள் கிடைத்தன. அவற்றோடு சீனப் பீங்கானும் மேற்காசியக் கண்ணாடிக் கலங்களின் உடைசல்களும் கிடைத்தன.

ஆகவே, நம் மாணவியின் கேள்விக்கு முதல் விடை கிடைத்துவிட்டது. தொடக்கத்தில் இந்நாட்டு மக்கள் மணி வாங்கியது கப்பல் வந்து நின்ற கரையில். பின்னர் வாங்கியது தங்கள் ஆற்றங்கரைப் பட்டறையில். காட்டிலிருந்து அகிலும் பிசினும் கொண்டுவந்தோர்க்கு மணி ஏற்ற மாற்றுப் பொருள். அழுகாது, எடை குறைவு, எண்ணிக் கொடுக்கலாம், கைப்பிடி மணியைக் கொண்டு ஆற்றின் தலைப்புவரை வாணிகம் செய்யலாம். சரவாக்கின் உள்நாட்டில் பழைய மணிகளை இன்றும் குடும்பச் சொத்தாகக் காக்கின்றனர். கெலாபிட் மகளிரின் மணித்தொப்பி தாயிடமிருந்து மகளுக்கு வருவது.

செய்தவர் யார்?

இங்கேதான் என் பழைய விடை தடுமாறுகிறது. பட்டறையில் உட்கார்ந்து உருகிய கண்ணாடியை இழுத்த கை யாருடையது?

கைவினைஞர்களே தென்னிந்தியாவிலிருந்து இலங்கையின் மாந்தைக்கும், குளோங் தோமுக்கும், பின்பு நம் கரைக்கும் இடம்பெயர்ந்தனர் என்பது பீட்டர் பிரான்சிஸின் கருத்து. குழலை இழுக்கும் நுட்பம் புத்தகத்தைப் பார்த்துக் கற்கக்கூடியது அன்று; பக்கத்தில் நின்று பழக வேண்டும். நம் நாட்டு மணிகளை ஆய்ந்தவர்கள் அவற்றுள் பெரும்பான்மை அலுமினா மிகுந்த சோடாக் கண்ணாடி என்கின்றனர்; அவ்வகைக் கண்ணாடி தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மிகுதி. இவை அவர் கருத்துக்குத் துணை செய்கின்றன.

ஆனால் மறுபக்கமும் உண்டு. தாய்லாந்தின் சும்போன் பகுதியிலுள்ள காவ் சாம் கேவ் என்னும் இடத்தில் பெரெனீஸ் பெலினா குழுவினர் அகழ்ந்தனர். கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்திய நுட்பத்தில் அங்குக் கல்மணி செய்தனர். ஆனால் மணியின் வடிவமும் அளவும் இப்பகுதி மக்களின் விருப்பத்திற்கேற்ப அமைந்தன. அதாவது, நுட்பம் அக்கரையினுடையது; விருப்பம் இக்கரையினுடையது. தலைமுறை தலைமுறையாக ஒரு பட்டறை நடந்தால், அதில் ஊர்ப்பிள்ளை வேலை கற்காமல் இருப்பானா? சுங்கை மாஸின் கழிவுக் கண்ணாடி எதிலும் செய்தவர் பெயர் இல்லை. அதைத் தமிழர் செய்தது என்று அறுதியிட்டுக் கூற எனக்கு உரிமையில்லை. தமிழர்க்குத் தொடர்பே இல்லை என்று கூறவும் யாருக்கும் உரிமையில்லை.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று அன்பர்கள் கேட்கலாம். தோட்டப் பிள்ளைகளுக்கு இந்நாட்டில் தம் வரலாறு, பாட்டனார் கப்பலேறி வந்து ரப்பர் மரம் சீவிய நாளில் தொடங்குகிறது என்ற எண்ணம் இருக்கிறது. அக்குறையைப் போக்க ஆசிரியர்களாகிய நாம் சில சமயம் மறுகோடிக்குப் போய்விடுகிறோம். 1025-இல் இராசேந்திர சோழன் கடாரத்தின் மேல் படையெடுத்ததை மட்டும் எடுத்துச் சொல்லி, “நாம் ஆண்ட நாடு இது” என்று முழங்குகிறோம். நானும் முழங்கியவனே. அந்தப் பேச்சைக் கேட்கும் பிள்ளை வெளியே சென்று அதைச் சொன்னால், “சான்று எங்கே?” என்ற முதற் கேள்விக்கே நாணி நிற்கும். வென்றவன் படை வந்தது, போயிற்று. மணிக்காரனோ அப்படையெடுப்புக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே வந்தான், விற்றான், கற்றுக்கொடுத்தான். அவன் விட்டுச் சென்ற தொழில் இம்மண்ணில் வேரூன்றியது. ஆள்பவன் பங்கைவிடக் கற்றுக்கொடுப்பவன் பங்கு குறைந்தது என்று ஓர் ஆசிரியனாகிய நான் எப்படிச் சொல்வேன்?

இச்சான்றுகள் மிகச் சிறியவை, எளிதில் அழியக்கூடியவை. 2013-ஆம் ஆண்டில் பூஜாங் பள்ளத்தாக்கின் பழங்கோயில் அடித்தளம் ஒன்றே நிலமேம்பாட்டு வேலையில் இடிக்கப்பட்டது. கல்லால் கட்டியதற்கே அந்நிலை என்றால், மிளகளவு மணிக்கு என்ன பாதுகாப்பு? பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளைகளை மெர்போக்கிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருட்காட்சி சாலைக்கு ஒரு முறையேனும் அழைத்துச் செல்ல வேண்டும். கற்சிலைகளைப் பார்த்த பிறகு மணிகளையும் நின்று பார்க்கச் சொல்ல வேண்டும்.

அந்த மாணவிக்கு நான் கடன்பட்ட விடை இதுதான்: “முதலில் கடற்கரைக்குப் போனார்கள், அம்மா. பிறகு பக்கத்து ஆற்றங்கரைக்கே போனார்கள். விற்றவரும் செய்தவரும் பல ஊரார். அவர்களுள் நம்மவரும் இருந்திருக்க வேண்டும் என்று நம்ப நல்ல காரணங்கள் உண்டு. எந்த மணி எவர் கையில் பிறந்தது என்பதை மட்டும் இன்னும் சொல்ல முடியவில்லை. நீ படித்துக் கண்டுபிடி.”